கமாவில் தொலைந்த அரை வினாடி

ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். லினக்ஸ் மடிக்கணினியில் மொழி தமிழ். தேதி, எண் வடிவங்கள் மட்டும் ஜெர்மன். இங்கே அரையை 0,5 என்று கமா போட்டுத்தான் எழுதுவார்கள். வரிக் கணக்குக்கு அது வசதி.

தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா வீடியோவை எடிட் செய்தபோது சிக்கல் வந்தது. சேமிக்கும் வரை எல்லாம் சரி. மூடிவிட்டுத் திறந்தால் பல ஒலித்தடங்கள் ஊமை. ஒலி மெல்ல எழுந்து அடங்கும் அரை வினாடி ஃபேட் ஒன்றுகூட இல்லை. ஒலி அளவு 1.0 என்று இருந்த தடங்கள் மட்டும் தப்பித்திருந்தன. அதுதான் துப்பு. புராஜெக்ட் கோப்பு வெறும் எக்ஸ்எம்எல், அதாவது எழுத்தாகவே படிக்கக்கூடிய கோப்பு. டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தால் 0.8, 0.5 எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆக, எழுதுவதில் கோளாறு இல்லை, படிப்பதில்தான்.

எழுத்தாக இருக்கும் எண்ணைப் படிக்கும் சி மொழி ஃபங்ஷன்கள், தசமக் குறி எது என்பதை லொக்கேலை, அதாவது மொழி, தேதி, எண் வடிவங்களுக்கான அமைப்பை, பார்த்துத்தான் முடிவு செய்யும். ஜெர்மன் லொக்கேலில் 0.8-ஐக் கொடுத்தால் புள்ளியைக் கண்டதும் நின்றுவிடும்; மிஞ்சுவது 0. 1.0 என்றால் 1 கிடைத்துவிடும். சி நிரல் எதுவும் தொடக்கத்தில், புள்ளியைத் தசமக் குறியாகக் கொள்ளும் 'சி' லொக்கேலில்தான் இருக்கும். செயலிகளின் ஜன்னல், மெனுவை வரையும் லைப்ரரிகளான க்யூடியும் ஜிடிகேயும் எழுந்ததும் அதைப் பயனரின் லொக்கேலுக்கு மாற்றுகின்றன. அது நிரலோடு சேர்ந்து ஓடும் எல்லா லைப்ரரிகளையும் பாதிக்கும்.

தீர்வு கேட்டால் எல்லோரும் 'எல்சி_ஆல்=சி போடு' என்பார்கள்; லொக்கேலின் எல்லாப் பிரிவுகளையும் 'சி'க்கு மாற்றும் சூழல் மாறி அது. தமிழில் வேலை செய்பவர்கள் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தமிழ் எழுத்துகளுக்குத் தேவையான யூடிஎஃப்-8 குறியாக்கம் போய்விடும், தமிழ்க் கோப்புப் பெயர்கள் சில செயலிகளில் கேள்விக்குறிகளாகும், மெனுவும் ஆங்கிலத்துக்குத் திரும்பும். கெட்டது எண் மட்டும்தானே? எண் வடிவத்தை மட்டும் மாற்றும் எல்சி_நியூமெரிக்=சி போதும். ஆனால் எல்சி_ஆல் ஏற்கெனவே எங்காவது அமைந்திருந்தால் அதுதான் ஜெயிக்கும், முதலில் அதை நீக்கிவிடுங்கள். டெர்மினலில் 'லொக்கேல்' என்று அடித்தால் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு முறையும் டெர்மினலுக்குப் போக வேண்டாம். மெனுவிலிருந்து செயலியைத் திறக்க உதவும் டெஸ்க்டாப் கோப்பை ஹோமில் உள்ள .லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டருக்கு நகலெடுத்து, எக்ஸெக் வரியில் கட்டளைக்கு முன்னால் 'என்வ் எல்சி_நியூமெரிக்=சி' என்று சேர்த்தேன். மெனுவிலிருந்து திறந்தாலும் இப்போது சரியாக வருகிறது. ஃபிளாட்பேக் என்ற தனிப் பொதியாக நிறுவிய செயலி என்றால் அதன் ஓவர்ரைடு கட்டளையில் இதே மாறியைக் கொடுக்கலாம்.

இது பழைய நோய். கேடென்லைவ் வீடியோ எடிட்டரின் குழு 2020-இல் 20.08 பதிப்புக்காகப் புராஜெக்ட் கோப்பு வடிவத்தையே மாற்றி இந்தப் புள்ளி-கமா சண்டையைத் தீர்த்தது. எம்பிவி வீடியோ பிளேயரின் லைப்ரரி இன்னும் கண்டிப்பு: எல்சி_நியூமெரிக் 'சி'யாக இல்லாவிட்டால் தொடங்கவே மறுக்கும். ஓசையில்லாமல் தப்பான எண்ணைத் தருவதைவிட இந்தக் கண்டிப்பு எவ்வளவோ மேல்.

நான் பயன்படுத்தும் எடிட்டருக்கும் பக் ரிப்போர்ட் அனுப்பினேன். லொக்கேல் வெளியீட்டையும் அந்த 0.8 வரியையும் இணைத்து, ஜெர்மன் லொக்கேலை நிறுவி எல்சி_நியூமெரிக்கை மட்டும் அதற்கு மாற்றி ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அமெரிக்க லொக்கேலில் சோதிப்பவர்களுக்கு இது வேறு எப்படியும் கண்ணில் படாது.