காளான் தின்ற பையனுக்குச் சுவர் எப்படி மூச்சு விட்டது?

வட்டக்கானல்காரன்:
கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானலில் நாலு அறை உள்ள ஒரு காட்டேஜைப் பார்த்துக்கொள்கிறேன். போன சனிக்கிழமை கீழேயிருந்து வந்த ஒரு பையன் போதைக் காளானை எங்கேயோ வாங்கித் தின்றுவிட்டான். சாயங்காலம் ஐந்து மணிக்கு வெந்நீர் கொண்டுபோனால், சுவரைத் தடவித் தடவிப் பார்த்து, "அண்ணே, இது மூச்சு விடுது" என்கிறான். ஏழு மணிக்கு மேல் ஒரே அழுகை. இருட்டில் சோலைப் பக்கம் ஓடப் பார்த்தவனை நானும் சமையல்காரரும் பிடித்து உட்கார வைத்தோம். பத்து மணிக்கு அடங்கினான். காலையில் நாலு இட்லி தின்றுவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி பில் கேட்டான். சரக்கு அடித்தவன் தள்ளாடுவான், உளறுவான், எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். சுவர் மூச்சு விடுகிறது என்று ஒருத்தனும் சொன்னதில்லை. ஒரு காளான் மூளைக்குள் போய் அப்படி என்னதான் செய்கிறது?

பெருமாள்மலை வாத்தியார்:
முப்பது வருஷம் பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுத்தவன், கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள் தம்பி. மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள். செல்லுக்குள் செய்தி மின்சாரமாக ஓடும். முனைக்கு வந்ததும் பாதை முடிந்துவிடும். அடுத்த செல்லுக்கு நடுவே ஓர் இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை 50,000 பங்கு போட்டதில் ஒரு பங்குதான். ஆனாலும் பெரும்பாலான இடங்களில் மின்சாரம் அதைத் தாண்டாது. முனையில் குட்டிக் குட்டிப் பைகளில் இருக்கும் ரசாயனம் கொட்டி, எதிர்ப்பக்கத்து ஏற்பிகளில், பூட்டில் சாவி மாதிரி, போய் ஒட்ட வேண்டும். 1921இல் ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டித் துடிப்பைக் குறைத்தார். அந்த இதயம் ஊறிய உப்புநீரை இன்னொரு தவளை இதயத்தில் விட்டார். நரம்பைத் தொடாத அந்த இரண்டாவது இதயமும் மெதுவானது! முதல் இதயத்தின் நரம்பு கொட்டிய ரசாயனம் உப்புநீரோடு வந்ததுதான் காரணம். இதைச் சொல்லும்போது கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும்.

இப்போது உங்கள் பையன். உங்கள் காட்டேஜில் ஓர் அறைச் சாவி இன்னோர் அறையைத் திறந்ததுண்டா? காளானில் உள்ள சைலோசிபின் உடம்புக்குள் சைலோசினாக மாறும். அது மூளையில் செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற ரசாயனத்துக்குப் பங்காளி மாதிரி, சாயல் அப்படியே இருக்கும். அதனால் செரட்டோனினுடைய பூட்டுகளில் ஒரு வகையைத் திறந்துவிடும். மூளையின் மேலடுக்கான புறணியில் அந்தப் பூட்டு நிறைய. பையனின் கண்ணில் கோளாறே இல்லை, கண் அனுப்பியதைப் படிக்கிற இடத்தில்தான் கூச்சல். நாலிலிருந்து ஆறு மணி நேரம் நிற்கும், பத்து மணிக்கு அடங்கியது கணக்குக்குச் சரி. சரக்கு வேறு வழி. காபா என்ற அடக்கும் ரசாயனத்துக்கு வலுவேற்றி, குளுட்டமேட் என்ற தூண்டும் ரசாயனத்தை அமுக்கும். அதனால்தான் தள்ளாட்டம்.

பண்ணைக்காடு நர்ஸ்:
சார் சொன்னது சரி. ஆனால் அண்ணே, அவன் தின்றது எந்தக் காளான் என்று யாருக்குத் தெரியும்? சில விஷக் காளான்களுக்கு ஆறு மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் தொடங்கும். அப்புறம் தேறின மாதிரி தெரியும், அதற்குள் ஈரல் கெட்டிருக்கும். இட்லி தின்றான் என்று விட்டுவிடாதீர்கள். இன்னொரு தடவை நடந்தால் 108ஐக் கூப்பிட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள்.

பழைய பாவி:
கஞ்சா எப்படி சார்? காலேஜில் மூணு வருஷம் இழுத்தவன். பேச ஆரம்பித்தால் பாதியில் எதைப் பேசினேன் என்றே மறந்துபோகும்.

பெருமாள்மலை வாத்தியார்:
அது தலைகீழ் சமாசாரம். கேட்கிற செல், சொல்கிற செல்லுக்கு "போதும், நிறுத்து" என்று திருப்பி அனுப்பும் ரசாயனங்கள் உண்டு. அதில் ஒன்றுக்கு 1992இல் ஆனந்தம் என்ற சமஸ்கிருதச் சொல்லை வைத்தே ஆனந்தமைடு என்று பெயரிட்டார்கள். கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி அதே பூட்டில் உட்கார்ந்துகொண்டு, யாரும் கேட்காமலே நிறுத்து நிறுத்து என்கிறது. ஞாபகத்தைப் பதிக்கிற ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியில் அந்தப் பூட்டு அதிகம். உங்கள் பாதி வாக்கியம் அங்கேதான் போயிருக்கும்.

வட்டக்கானல்காரன்:
பையனுக்குப் போன் போட்டேன், நன்றாக இருக்கிறானாம். 108ஐ எழுதிச் சமையற்கட்டுக் கதவில் ஒட்டியாச்சு. சாவி விஷயம் உண்மைதான் சார். இரண்டாம் நம்பர் சாவி நாலாம் நம்பரையும் திறக்கும். ஓனரிடம் சொல்லி ஆறு மாசம் ஆகிறது.