இடப்பக்கம் ஒருக்களித்தால் மூச்சு முட்டும்

கோபிக்காரன்:
இங்கே ஒருவர் மிக்சோமா பற்றிக் கேட்டிருந்தார், இதயத்துக்குள் வளரும், புற்று அல்லாத கட்டி. எங்களுக்கும் அதுதான், இதயத்தின் இடது மேலறையில். அம்மாவுக்கு 54 வயது. இடப்பக்கம் ஒருக்களித்தால் மூச்சு முட்டும், வலப்பக்கம் திரும்பினால் விட்டுவிடும். மஞ்சள் தூசி என்று சொல்லி ஆறு மாதம் ஆஸ்துமாவுக்கு மருந்து கொடுத்தார்கள். கடைசியில் ஈரோட்டில் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தபோது நானும் உள்ளே நின்றேன். அப்புச்சி தோட்டத்தில் கவலைச் சால் கிணற்றுக்குள் இறங்கி ஏறுமே, அதுபோல் ஒரு கட்டி துடிப்புக்குத் துடிப்பு, இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வுக்குள் இறங்கி ஏறியது. எக்கோ எடுத்த பெண் கையை அப்படியே நிறுத்திவிட்டார். "என்ன கண்ணு, பேச்சையே காணோம்?" என்றார் அம்மா. நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். மூன்றாம் நாள் அறுவை. கட்டியைக் காட்டினார்கள்: கோழிமுட்டை அளவு, நுங்குபோல் வழவழப்பு.

பொள்ளாச்சி அக்கா:
புற்று இல்லை என்றால் இத்தனை அவசரம் எதற்குத் தம்பி? என் தங்கை மகனுக்கு வயிற்றில் இருக்கும்போதே ஸ்கேனில் இதயக் கட்டி தெரிந்தது, ரேப்டோமயோமா. கத்தியே வைக்கவில்லை, தானாகச் சுருங்கியது. மூளையிலும் கட்டி வரக்கூடிய டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற மரபணுக் கோளாறு இருக்கலாம் என்று மூளை ஸ்கேன் மட்டும் எடுத்தார்கள்.

பல்லடம் தறிக்காரர்:
அக்கா, குழந்தைக்கு வரும் அந்தக் கட்டி வேறு, இது வேறு. இதையும் அதையும் ஒன்றாக்கி யாரையும் காத்திருக்க வைக்காதீர்கள். என் மைத்துனர் தறியில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். இழை இருக்கிறது, விரல் மடங்கவில்லை. வலக்கை தொங்கிவிட்டது. கட்டியிலிருந்து பிய்ந்த துணுக்கு மூளைக்குப் போயிருக்கிறது. பக்கவாதம் வந்த பிறகுதான் எங்களுக்கு எக்கோவே எடுத்தார்கள்.

கோபித் தம்பி, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இந்தக் கட்டியின் காம்பு பெரும்பாலும் இரண்டு மேலறைக்கும் நடுச்சுவரில்தான் பிடித்திருக்கும். அந்தச் சுவரையும் கொஞ்சம் சேர்த்து வெட்டி ஒட்டுப் போட்டார்களா என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள். வேர் மிஞ்சினால் மறுபடி முளைக்கலாம். ஆண்டுக்கு ஒரு எக்கோவை விடாதீர்கள். இள வயதில் வந்தாலோ, உதட்டில் கரும்புள்ளிகள் இருந்தாலோ கூடப்பிறந்தவர்களுக்கும் பார்க்க வேண்டும், கார்னி என்று ஒரு பரம்பரைக் கோளாறு உண்டு. அறுவைக்குக் காத்திருப்பவர்கள் இதயத்தை நிறுத்தி வெட்டுகிறார்களே என்றும் பயப்படாதீர்கள். 1954இலேயே ஸ்டாக்ஹோமில் கிராஃபோர்டு என்ற அறுவை மருத்துவர் இதய நுரையீரல் இயந்திரத்தை வைத்து இந்தக் கட்டியை எடுத்துவிட்டார்.

கோபிக்காரன்:
அண்ணா, எங்களுக்கு அறுவை முடிந்து நான்கு வருடம் ஆகிறது. ஒட்டுப் போட்டிருக்கிறார்கள், எக்கோவும் சுத்தம். அம்மாதான் இன்றும் இடப்பக்கம் திரும்பிப் படுப்பதில்லை.