வெப்மெயில்: போர்ட் 80ஐ மூடணுமா, திருப்பி விடணுமா?

ராணிப்பேட்டை_டேனரி: எங்க மெயில் சர்வர்ல அப்பாச்சி வெப்சர்வர், அதுல ரவுண்ட்கியூப் வெப்மெயில். போர்ட் 80லயும் (பூட்டு இல்லாத http) திறக்குது, 443லயும் (பூட்டு போட்ட https) திறக்குது. முதலாளி காட்பாடி ஜங்ஷன்ல ட்ரெயினுக்கு உட்கார்ந்துக்கினே ஓசி வைஃபைல மெயில் பார்க்கிறவர். பூட்டு போடாத லாகின் பக்கம் இனிமே வரவே கூடாது. 80ல வர்றவங்களை 443க்குத் திருப்பி விடுற 301 ரீடைரக்ட் ஒண்ணு போட்டா போதுமா?

பாலாறு: போதாது தம்பி. 80ஐயே மூடு. ரீடைரக்ட் போட்டாலும் முதல் ரிக்வெஸ்ட் மூடாமத்தானே போவுது? லாகின் குக்கீயில செக்யூர் கொடி (https-ல மட்டும் அனுப்புன்னு சொல்ற குறி) இல்லேன்னா செஷனும் அதோட போச்சு. 2010ல ஃபயர்ஷீப்னு ஒரு பிரவுசர் எக்ஸ்டென்ஷன் வந்துச்சே, வைஃபைல போற குக்கீயைப் பிடிச்சு பக்கத்து டேபிள்காரன் அக்கவுண்ட்டுக்குள்ள ரெண்டு கிளிக்ல பூந்துட முடிஞ்சுது.

தொரப்பாடி: அண்ணா, https-க்கு வேணும்கிற சர்டிபிகேட்டை லெட்ஸ் என்கிரிப்ட்கிட்ட (ஓசியில குடுக்கிறவங்க) ஹெச்டிடிபி-01 முறையில வாங்கினா, சர்வர் நம்மளுதான்னு சரிபார்க்க அவங்க வந்து தட்டுறதே 80லதான். மூடிட்டா ரினியூவல் நின்னுடும்.

பாலாறு: 80 இல்லாம டிஎன்எஸ் பதிவை வச்சே சரிபார்க்கிற டிஎன்எஸ்-01 எதுக்கு இருக்குது?

தொரப்பாடி: இருக்குது, சரி. ஆனா நீங்க மூடுறது உங்க சர்வர் 80ஐ. வைஃபைக்கு நடுவுல ஒருத்தன் உட்கார்ந்திருந்தா, உங்க சர்வர் பேரைச் சொல்லி அவனே 80ல பதில் குடுப்பான். உங்க ஃபயர்வால் காட்பாடில இல்லண்ணா. அதுக்கு மருந்து ஹெச்எஸ்டிஎஸ், சர்வர் பதிலோட பிரவுசருக்கு அனுப்புற ஒரு ஹெடர். 443ல ஒரு தடவை அந்த ஹெடரைப் பார்த்துட்டா, கெடு முடியற வரைக்கும் பிரவுசர் 80 பக்கமே போவாது.

பழைய_பஸ்ஸ்டாண்டு: ஹெச்எஸ்டிஎஸ்ஸா? சூடு பட்டவன் சொல்றேன். ஒரு ஷூ யூனிட்ல அதோட கெடுவை, அதான் மேக்ஸ்-ஏஜை, 31536000 நொடி போட்டேன், ஒரு வருஷம். சர்டிபிகேட் தானா ரினியூ ஆகி டிஸ்க்ல கிடக்குது, அப்பாச்சியை ரீலோட் பண்ணலை. அது காலாவதியான பழசையே நீட்டிக்கினு இருந்துச்சு. காலைல ஆபீஸே வெளிய நிக்குது. 'பரவாயில்லை, உள்ள போ'ன்னு அழுத்த பட்டனே கிடையாது. ஷிப்பிங் பார்க்கிற அண்ணன் பையர் மெயிலைத் திறக்க முடியாம என் தலையைத் தின்னுட்டார்.

பாலாறு: ரீலோட் பண்ணாதது யாரு? அந்தப் பட்டன் இல்லாததுதான் நல்லது. அதை அழுத்திப் பழகினவனுக்கு நாளைக்கு போலி சர்டிபிகேட் வந்தாலும் அழுத்துவான்.

பழைய_பஸ்ஸ்டாண்டு: உங்களுக்கென்ன சார், திட்டு வாங்கினது நான்.

தொரப்பாடி: மேக்ஸ்-ஏஜை முதல்ல 300 நொடி வச்சுப் பாருங்க. ஒரு ரினியூவல் ஒழுங்கா தாண்டட்டும், அப்புறம் ஏத்தலாம்.

ராணிப்பேட்டை_டேனரி: 301 போட்டாச்சு, செக்யூர் கொடி போட்டாச்சு, மேக்ஸ்-ஏஜ் 300. சர்ட்பாட் (சர்டிபிகேட் வாங்கித் தர்ற புரோகிராம்) ரினியூ பண்ணினதும் அப்பாச்சி தானா ரீலோட் ஆகுற மாதிரி ஹூக்கும் வச்சுட்டேன். 80 திறந்தே இருக்கட்டும். முதலாளி போன்ல புக்மார்க் இன்னும் 80க்குத்தான் போவுது. 300 நொடியை நம்பி விட முடியாது. ஆம்பூர்லருந்து வந்ததும் போனை வாங்கி மாத்தணும்.

பாலாறு: நான் மூடித்தான் வைப்பேன்.