அப்பாவுக்குப் பிறகு கம்பெனி: அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனிக்கு அப்பா, பெரியப்பா இருவர்தான் பங்குதாரர்கள். அப்பாவுக்கு 74 வயது. ஒருவர் காலமானால் 1932 கூட்டாண்மைச் சட்டம் 42ஆம் பிரிவின்படி நிறுவனமே கலைந்துவிடுமாம். வாரிசு தொடரலாம் என்று பத்திரத்தில் எழுதியிருந்தாலும், மிஞ்சுவது ஒரே பங்குதாரர் என்பதால் செல்லாது. 1965இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது என்கிறார் ஆடிட்டர். கேட்டதிலிருந்து தூக்கமில்லை. வங்கிக் கடன் இருக்கிறது, 60 பேர் வேலை பார்க்கிறார்கள்.

பதினோரு வருடமாகக் கணக்கும் ஏற்றுமதியும் பார்ப்பது நான். ஆனால் பெரியப்பா மகன்தான் அடுத்த முதலாளி என்று வீட்டில் பேச்சு. எங்கள் இருவரையும் இப்போதே பங்குதாரர்களாகச் சேர்ப்பதா, பிரைவேட் லிமிடெட்டாக மாற்றுவதா? மாற்றியவர்கள் அதிகாரத்தை எப்படிப் பிரித்தீர்கள்? பெரியவர்கள் மனம் நோகாமல் இந்தப் பேச்சை எப்படித் தொடங்கினீர்கள்?