சண்டைக் காட்சி, கிரிக்கெட் ஸ்கோர்: 9, 10-ஆம் வகுப்பில் பாடமாக்குவது எப்படி?

சாக்பீஸ்:

அரசு உயர்நிலைப் பள்ளி, தமிழ்வழி. ஆள் பற்றாக்குறையால் 9-க்கு அறிவியலும் 10-க்குக் கணக்கும் என் தலையில். வகுப்புக்கு 40 பேர், பீரியட் 40 நிமிஷம். அடுத்து வருவது 9-இல் ‘இயக்கம்’, 10-இல் ‘புள்ளியியலும் நிகழ்தகவும்’. சினிமா சண்டைக் காட்சியையும் கிரிக்கெட் ஸ்கோரையும் வைத்து நடத்தலாம் என்று இருக்கிறேன். புரொஜெக்டர் உண்டு, நெட் நம்ப முடியாது.

கேட்க வேண்டியவை: எந்த மாதிரிக் காட்சியைத் தேர்ந்தெடுப்பது, எவ்வளவு நேரம் ஓட்டுவது? திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு), மாறுபாட்டுக் கெழு (அந்தச் சிதறல் சராசரியில் எத்தனை சதவீதம் என்பது) இரண்டுக்கும் கிரிக்கெட் சரிப்படுமா? வகுப்பில் படம் போடுவதற்குச் சட்டச் சிக்கல் ஏதும் உண்டா? எல்லாவற்றுக்கும் மேல், விசில் அடித்து முடித்ததும் பாடம் காணாமல் போய்விடக் கூடாது. அதற்கு என்ன வழி?

மூன்றாம்விதி:

கடைசிக் கேள்வியிலிருந்தே வருகிறேன். படத்தை முதலில் போட்டுவிட்டுப் பிறகு கேள்வி கேட்டால் விசில்தான் மிஞ்சும். என்ன அளக்கப் போகிறோம் என்பதைப் போர்டில் எழுதி, ஆளுக்கொரு வேலை கொடுத்த பிறகுதான் புரொஜெக்டரைப் போட வேண்டும். முதல் தடவை சத்தத்தை அணைத்து ஓட்டுங்கள். பின்னணி இசை இல்லாத சண்டை பாதி உப்பு இல்லாத சாம்பார், கண் தானாக அசைவைப் பார்க்கும்.

காட்சி 20 முதல் 40 விநாடி போதும். தேர்வுக்கு மூன்று நிபந்தனை: நடுவில் வெட்டு (ஒரு ஷாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது) இருக்கக் கூடாது, கேமரா நகரக் கூடாது, அளவு தெரிந்த ஒரு பொருள் காட்சிக்குள் இருக்க வேண்டும். வெட்டு விழுந்த இடத்தில் நேரக் கணக்கு செத்துவிடும். நம் சண்டைக் காட்சிகளில் வெட்டில்லாமல் மூன்று விநாடி கிடைப்பதே பாடு என்பதால், சண்டையைவிட மாடியிலிருந்து குதிக்கும் காட்சியைத் தேடுங்கள். 9-ஆம் வகுப்பு இயக்கச் சமன்பாடுகளுக்கு அதுதான் அளவெடுத்துத் தைத்தது போல் இருக்கும்.

கணக்கு இப்படி. மாடிக்கு 3 மீட்டர், நான்கு மாடி 12 மீட்டர். தொடக்க வேகம் சுழி, முடுக்கம் 9.8. விழ ஆகும் நேரம் 1.56 விநாடி. தரையைத் தொடும் வேகம் 15.3 மீ/வி, அதாவது மணிக்கு 55 கி.மீ. திரையிலோ ஹீரோ 5 விநாடி விழுந்துகொண்டிருப்பார். 5 விநாடி நிஜமாகவே விழுந்தால் எவ்வளவு உயரம் என்று கேளுங்கள்: 122.5 மீட்டர், நாற்பது மாடி. அடுத்த கேள்வி, அப்படியானால் எத்தனை மடங்கு மெதுவாக்கியிருக்கிறார்கள்? 3.2 மடங்கு. திரையில் விநாடிக்கு 24 பிரேம் ஓடுகிறது என்றால், கேமரா விநாடிக்கு ஏறக்குறைய 77 பிரேம் எடுத்திருக்க வேண்டும்.

“சினிமான்னாலே பொய்தான் சார்” என்று ஒருவன் சொல்வான். அதோடு யோசனை நின்றுவிடும். அதனால் “இது நடக்குமா?” என்று கேட்காதீர்கள், “இது நடக்க என்ன வேண்டும்?” என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு ஆமாம், இல்லை போதும். இரண்டாவதற்குச் சமன்பாடு இல்லாமல் பதில் கிடையாது.

ஸ்டாப்வாட்ச் கொடுத்தால் கை தாமதம் 0.2 விநாடி வரும். 1.5 விநாடி விழுவதில் அது 13 சதவீதம் பிழை. அதனால் பிரேமை எண்ணுவது மேல். வி.எல்.சி. பிளேயரில் படத்தை நிறுத்திவிட்டு ஆங்கில ‘ஈ’ (E) விசையைத் தட்டினால் ஒவ்வொரு பிரேமாக நகரும். முன்னால் மட்டுமே போகும், தவறவிட்டால் திரும்ப ஓட்ட வேண்டியதுதான். பிரேம் ரேட் என்ன என்பதை அதே பிளேயரின் கோடெக் தகவலில் முன்கூட்டியே பார்த்து வையுங்கள். 24-இல் எடுத்ததை 30-ஆக மாற்றி ஏற்றிய கோப்பாக இருந்தால் சில இடங்களில் ஒரே படம் இரண்டு தட்டுக்கு அசையாமல் நிற்கும். குழந்தைகள் குழம்புவார்கள், அதைத் தவிருங்கள். கோப்பைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். 360பி தரமே புரொஜெக்டருக்குப் போதும்.

ஒரே குத்தில் வில்லன் பறப்பது 10-ஆம் வகுப்பு ‘இயக்க விதிகள்’ பாடத்துக்கு. உந்தம் (நிறை × வேகம்) அங்கேதான் வருகிறது, இப்போது இழுக்காதீர்கள். எடுப்பவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்: 70 கிலோ ஆள் 5 மீ/வி வேகத்தில் பின்னால் போனால் உந்தம் 350. குத்துகிற கைக்குத் தாராளமாக 5 கிலோ வைத்தாலும், அந்தக் கை 70 மீ/வி வேகத்தில் வந்து அப்படியே நின்றிருக்க வேண்டும். மணிக்கு 252 கி.மீ.

சட்டம்: 1957 பதிப்புரிமைச் சட்டம் 52-ஆவது பிரிவில் கல்விக்கு விலக்கு இருக்கிறது. பள்ளிச் செயல்பாட்டின் பகுதியாக, ஆசிரியர், மாணவர், பெற்றோர், பள்ளியோடு தொடர்புடையவர்கள் முன்னால் மட்டும் படம் காட்டலாம். அந்த வகுப்பைப் பதிவுசெய்து யூடியூபில் ஏற்றினால் அது வேறு கதை.

ஸ்கோர்கார்டு:

புள்ளியியலுக்குக் கிரிக்கெட் நன்றாகவே சரிப்படும். ஆனால் இரண்டு கண்ணிவெடி இருக்கிறது. தெரியாமல் மிதித்தால் வகுப்பில் ஒரு பையன் உங்களைத் திருத்துவான்.

முதல் கண்ணிவெடி சராசரி. கிரிக்கெட்டில் பேட்டிங் சராசரி என்பது நம் கூட்டுச் சராசரி அல்ல. மொத்த ரன்னை ஆட்டமிழந்த தடவைகளால் வகுப்பார்கள், இன்னிங்ஸ் எண்ணிக்கையால் அல்ல. பிராட்மன் 80 இன்னிங்ஸில் 6996 ரன். அதில் 10 முறை நாட் அவுட். 6996-ஐ 70-ஆல் வகுத்தால் 99.94, 80-ஆல் வகுத்தால் 87.45. அறிமுகத்துக்கு இதைவிட நல்ல கணக்கு இல்லை. 1948-இல் ஓவல் மைதானத்தில் கடைசி இன்னிங்ஸுக்கு இறங்கும்போது அவர் சராசரி என்ன, 100-இல் முடிக்க எத்தனை ரன் தேவை என்று கேளுங்கள். விடை 101.39, 4 ரன். அவர் எடுத்தது சுழி.

மாறுபாட்டுக் கெழுவுக்கு நிஜ வீரர்களை எடுக்காதீர்கள், எண்கள் அசிங்கமாக வரும், ரசிகர் சண்டையும் வரும். இப்படிக் கொடுங்கள்:

வீரர் அ: 40, 45, 50, 55, 60
வீரர் ஆ: 0, 10, 20, 100, 120

இரண்டு பேருக்கும் சராசரி 50. அ-வின் திட்ட விலக்கம் 7.07, மாறுபாட்டுக் கெழு 14.1 சதவீதம். ஆ-வின் திட்ட விலக்கம் 49.8, கெழு 99.6 சதவீதம். சராசரி ஒன்றாக இருக்கும்போது கெழு புதிதாக எதையும் சொல்லவில்லையே என்று கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். சரியான கேள்வி. அப்போது இ-யைக் கொண்டுவாருங்கள்: அ-வின் ஒவ்வொரு ஸ்கோரையும் பாதியாக்கி 20, 22.5, 25, 27.5, 30 (அரை ரன் கிடையாது என்று கத்துவார்கள், கத்தட்டும்). திட்ட விலக்கம் 3.54 ஆகக் குறைந்துவிட்டது, கெழு மட்டும் அதே 14.1. கெழு எதற்கு என்பது அங்கேதான் பிடிபடும்.

விடை சரிபார்க்க எக்செல் போடுபவர்கள் கவனிக்க: மாதிரிக்கான திட்ட விலக்கச் சார்பு 5-ஆல் வகுக்காமல் 4-ஆல் வகுக்கும். ஆ-வுக்கு 55.7 என்று காட்டும். பாடப்புத்தக முறைக்கு முழுத் தொகுதிக்கான சார்பை எடுக்க வேண்டும்.

இரண்டாவது கண்ணிவெடி ஓவர். 18.3 ஓவர் என்பது தசம எண் அல்ல, 18 ஓவரும் 3 பந்தும், அதாவது 18.5. புள்ளியின் வலப்பக்கம் ஆறின் அடிமானத்தில் ஓடுகிறது. 18.3-ஆலேயே வகுத்து 161 ரன்னுக்கு ரன் ரேட் (ஓவருக்கு எத்தனை ரன்) 8.80 என்று போடுவார்கள். சரியான விடை 8.70.

இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு 2019 உலகக் கோப்பையைப் போடுங்கள். நியூசிலாந்து, பாகிஸ்தான் இரண்டுக்கும் 11 புள்ளி, வெற்றியும் ஐந்தைந்து. நேருக்கு நேர் ஆட்டத்தில் ஜெயித்தது பாகிஸ்தான். அரையிறுதிக்குப் போனது நியூசிலாந்து, காரணம் நெட் ரன் ரேட் (தன் ரன் ரேட்டில் எதிரணிகளின் ரன் ரேட்டைக் கழித்தது) +0.175. பாகிஸ்தானுக்கு −0.430. ஏன் என்று தேடினால் முதல் ஆட்டத்தில் போய் நிற்கும்: வெஸ்ட் இண்டீஸிடம் 21.4 ஓவரில் 105-க்கு ஆல் அவுட், எதிரணி 13.4 ஓவரில் 108. ஆல் அவுட் ஆனால் முழு 50 ஓவரும் கணக்கில் வரும். ஆக 105/50 = 2.10. எதிரணிக்கு 108-ஐ 13⅔-ஆல் வகுத்தால் 7.902. வித்தியாசம் −5.802. ஆல் அவுட் விதியை மறந்து 21⅔-ஆல் வகுத்தவனுக்கு 4.85 வரும், சேதம் பாதியாகத் தெரியும். ஒரே ஆட்டத்தில் பின்னம், கலப்பு எண், குறை எண் மூன்றும்.

எதிர்க்கட்சி:

ஸ்கோர்கார்டு சார் சொன்னதில் கணக்கு சரி, வகுப்பு சரியில்லை. 40 பேரில் கிரிக்கெட் பார்க்காதவர்கள் எப்போதும் இருப்பார்கள். நாட் அவுட் என்றால் என்ன, ஆல் அவுட் என்றால் என்ன என்று விளக்கவே 10 நிமிஷம் போகும். அதற்குள் விஷயம் தெரிந்த ஆறு பையன்கள் வகுப்பைக் கையில் எடுத்துவிடுவார்கள். கணக்கு நன்றாக வரும் ஒரு பெண் கிரிக்கெட் தெரியாத ஒரே காரணத்தால் அன்றைக்கு வாயே திறக்க மாட்டாள். ஆர்வம் ஊட்டப் போய் இப்படி ஆகிறது.

செய்வதானால், தேவையான விதிகளை ஐந்து வரியில் அச்சடித்துக் கொடுத்துவிடுங்கள், வாயால் விளக்க வேண்டாம். கிரிக்கெட் தெரிந்தவனுக்குக் குழுவில் கால்குலேட்டர் வேலை, தெரியாதவருக்கு எழுதி விளக்கும் வேலை. தெரியாதவர் எழுதினால் ஒவ்வொரு படிக்கும் காரணம் கேட்பார், தெரிந்தவன் சொல்லியாக வேண்டும். அதே கணக்கைப் பாட்டுப் போட்டி மதிப்பெண்ணுக்கு மாற்றி இன்னொரு தாளாகவும் வைத்திருங்கள்.

அப்புறம், டி.வி. ஒளிபரப்பை வைத்துப் பந்து வேகம் அளக்கும் யோசனை யாருக்காவது இருந்தால் விட்டுவிடுங்கள். கேமரா பந்துவீச்சாளர் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, பந்து கேமராவைவிட்டு விலகி ஓடுகிறது. 20.12 மீட்டர் பிட்ச் திரையில் சுருங்கிக் கிடக்கும். இந்தக் கோடி ஸ்டம்பும் அந்தக் கோடி ஸ்டம்பும் 71 செ.மீ.தான், திரையில் இரண்டும் ஒரே உயரமா? மைதானத்தில் பக்கவாட்டில் போனை ஸ்டாண்டில் வைத்து டென்னிஸ் பந்தை எடுங்கள். 20 மீ/வி பந்து, 30 பிரேம் கேமராவில் பிரேமுக்கு 67 செ.மீ. நகரும். ஸ்டம்பைப் பந்து போகும் அதே கோட்டில் நட்டு வைத்தால் அதுவே அளவுகோல்.

தத்தகாரம்:

கேட்காத பதில்தான், தமிழ் எடுப்பவர்களும் இந்த இழையைப் பார்ப்பார்கள் என்பதால். யாப்புக்குச் சினிமா மெட்டை எடுப்பது பழக்கமாகிவிட்டது. தெரிந்த மெட்டுக்குப் புது வரி எழுதச் சொல்வது சந்தத்துக்கு நல்லது, அலகிடுவதற்கு (சீரை அசையசையாகப் பிரித்து வாய்பாடு சொல்வதற்கு) கெடுதல். மெட்டு குறிலை இழுக்கும். ‘மழைவரும் நேரம் மரத்தடி யோரம்’ என்று எழுதினால் கருவிளம், தேமா, கருவிளம், தேமா. தளை முழுக்க வெண்டளை (வெண்பாவுக்குரிய சீர் இணைப்பு), பொழிப்பு மோனையும் (முதல் சீரும் மூன்றாம் சீரும் ஒரே எழுத்தில் தொடங்குவது) கிடைத்துவிட்டது. இதையே பாடும்போது ‘மாரத்தடி’ என்று இழுத்துப் பாடிக் காதில் விழுந்தபடி பிரித்தால் கருவிளம் தேமாங்கனி ஆகிவிடும். ஆகவே முதலில் பாடவிட்டுத் தத்தகாரம் (சொல்லுக்குப் பதில் ‘தத்தன தான’ என்று சந்தம் சொல்வது) போட வையுங்கள், பிறகு பாட்டை நிறுத்தி, வரியை எழுதி, எழுத்தைப் பார்த்து மட்டும் அலகிட வையுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டாம்.

சாக்பீஸ்:

எல்லோருக்கும் நன்றி. 9-க்கு மாடிக் காட்சி, 10-க்கு அ, ஆ, இ மூவர். விதித்தாளும் தயார். நெட் ரன் ரேட்டுக்குப் போகுமுன் சூடேற்ற ஒரு கணக்கு எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்: ஓர் அணி முதல் ஆட்டத்தில் 20 ஓவரில் 160, மழையால் குறைந்த இரண்டாவது ஆட்டத்தில் 5 ஓவரில் 61. ரன் ரேட் 8, 12.2. இரண்டு ஆட்டத்துக்கும் சேர்த்து 10.1.

ஸ்கோர்கார்டு:

10.1 தவறு சார். ரேட்டுகளின் சராசரி எடுக்கக் கூடாது, மொத்த ரன்னை மொத்த ஓவரால் வகுக்க வேண்டும். 221/25 = 8.84. ஐந்து ஓவர் ஆட்டத்துக்கும் இருபது ஓவர் ஆட்டத்துக்கும் ஒரே எடை கொடுத்துவிட்டீர்கள்.

ஆனால் கணக்கைத் தூக்கிப் போடாதீர்கள். 10.1-ஐ ஒரு மாணவர் போட்ட விடை என்று தாளிலேயே அச்சடித்து, எங்கே தப்பு என்று கேளுங்கள். கண்டுபிடித்த குழுவுக்கு அடுத்த கேள்வி: எந்த நிலையில் இரண்டு முறையிலும் ஒரே விடை வரும்? இரண்டு ஆட்டத்திலும் ஓவர் சமமாக இருந்தால் என்று உடனே சொல்வார்கள். ரன் ரேட்டே சமமாக இருந்தாலும் வரும், அதைச் சொல்லக் கொஞ்ச நேரம் பிடிக்கும். காத்திருங்கள்.