முன் பட்டையும் கிங் பின்னும் மாற்றிய பிறகு ஸ்டியரிங் வீல் கோணலாக நிற்கிறது: டிராக் லிங்கைத் திருப்பலாமா?

ஆறுசக்கரம்:
ஆறு சக்கர லாரி, முன்னால் பீம் ஆக்சில் (ஒரே உத்தரமான அச்சு), பவர் ஸ்டியரிங். இரண்டு பக்கமும் முன் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) செட், அதன் தகடுகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட், பட்டையை ஆக்சிலோடு பிணைக்கும் யூ போல்ட், சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின், இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடின் எண்ட் எல்லாம் புதிது. வண்டி நேராகத்தான் போகிறது. பிடியைத் தளர்த்தினாலும் எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. ஆனால் நேர்சாலையில் ஸ்டியரிங் வீலின் மேல் குறி, கடிகாரத்தில் ஒன்றரை மணி முள் நிற்கிற இடத்தில் நிற்கிறது. வேலைக்கு முன் 12-இல் இருந்தது. ஸ்டியரிங் பாக்ஸ், அது ஆட்டும் கையான டிராப் ஆர்ம், அந்தக் கையை வலது முன் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியான டிராக் லிங்க் மூன்றையும் தொடவில்லை. வீலைக் கழற்றி ஸ்ப்லைன் (தண்டின் பல்வரிசை) மாற்றி மாட்டினால் போதும் என்கிறார் ஒருவர், டிராக் லிங்கைத் திருப்பு என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது?

நூல்பிடி:
வீலை மட்டும் கழற்றாதீர்கள். பாக்ஸுக்குள் செக்டர் பல் (டிராப் ஆர்மைத் திருப்பும் பல்) நடுவில் இருக்கும்போதுதான் பிடிப்பு இறுக்கமாக இருக்கும். இரு ஓரத்துக்கும் போகப் போக இடைவெளி கூடும். வீலை மாற்றி மாட்டினால் கண்ணுக்கு 12 மணி தெரியும், ஆனால் நேராக ஓடும் நேரமெல்லாம் பாக்ஸ் நடுவை விட்டு விலகியே வேலை செய்யும். ஆட்டம் கூடும், ஒரு பக்கம் திருப்பம் குறையும், இண்டிகேட்டர் லீவர் ஒரு பக்கம் சீக்கிரம் திரும்பி விழும்.

முதலில் பாக்ஸின் நடுவைக் கண்டுபிடியுங்கள். டிராப் ஆர்மிலிருந்து டிராக் லிங்கைக் கழற்றி விட்டு, இஞ்சின் ஓடாமல், வீலை மெதுவாக ஒரு கோடிக்குக் கொண்டுபோங்கள். முட்டும் இடத்தில் அழுத்த வேண்டாம். அங்கிருந்து மறுகோடி வரை சுற்றுகளை எண்ணி, பாதி திரும்பி வாருங்கள். ஐந்து சுற்று வந்தால் இரண்டரையில் நடு. அங்கே வீல் 12-இல் நின்றால் பாக்ஸிலும் வீலிலும் தவறில்லை, பிரச்சினை அதற்குக் கீழே. செக்டர் ஷாஃப்டிலும் டிராப் ஆர்மிலும் உள்ள குறிகள் ஒன்றுக்கொன்று நேராக இருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

பட்டைக்காரன்:
தம்பி, டிராக் லிங்க்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. ஒன்றரை மணின்னா 45 டிகிரி. பாக்ஸ் ரேஷியோ ஏறக்குறைய 20-க்கு 1-ன்னு வச்சா, டிராப் ஆர்ம் திரும்பினது 2.25 டிகிரி. ஆர்ம் நீளம் 200 மி.மீ.ன்னா அதோட முனை நகர்ந்தது 8 மி.மீ. நீங்க லிங்கைத் தொடவே இல்லேங்கிறீங்க. அப்ப அந்த 8 மி.மீ. எங்கிருந்து வந்துச்சு? ஆக்சில்தான் நகர்ந்திருக்கணும். நம்ம வண்டியில டிராக் லிங்க் வலப்பக்கம் ஓடுது. வலப்பக்க ஆக்சில் முன்னயோ பின்னயோ போனா அது அப்படியே ஸ்டியரிங்ல தெரியும். இடப்பக்கம் அதே 8 மி.மீ. போனா வீல் அவ்வளவு சாயாது.

வண்டியை மட்டமான தரையில நிறுத்துங்க. ஷேக்கிள் (ஆடுற இணைப்பு) இல்லாத பக்கம், அதாவது சேஸிஸ்ல நிலையா நிக்கிற பட்டை பின்னோட நடுவிலிருந்தும், கிங் பின் நடுவிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில சாக்பீஸால குறிங்க. ரெண்டு குறிக்கும் நடுவுல டேப் வச்சு, வலம் இடம் ரெண்டு பக்கமும் அளந்து போடுங்க. அப்புறம் முன் ஆக்சிலிலிருந்து பின் ஆக்சில் வரைக்கும் ரெண்டு பக்கமும் அளங்க. பின் ஆக்சில் கோணலா இருந்தாலும் வீல் சாயும். அதை லிங்க்ல சரிக்கட்டினா டயர்தான் தேயும்.

ஆறுசக்கரம்:
அளந்தேன். பாக்ஸ் நடுவில் வீல் 12-இல்தான் நிற்கிறது. பட்டை பின்னிலிருந்து கிங் பின்: வலப்பக்கம் இடப்பக்கத்தைவிட 8 மி.மீ. அதிகம். ஆக்சிலிலிருந்து ஆக்சில் தூரத்திலும் வலப்பக்கம் அதே 8 மி.மீ. குறைவு. பட்டைக்கும் ஆக்சில் மேடைக்கும் இடையில் கேஸ்டர் (கிங் பின்னின் முன்பின் சாய்வு) சரிசெய்யும் ஆப்பு இருக்கிறது. பழையதையே போட்டோம்.

பட்டைக்காரன்:
ரெண்டு அளவும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுது. பின் ஆக்சில் சரி, வலப்பக்க முன் ஆக்சில்தான் பின்னால தள்ளி நிக்குது. யூ போல்டை லூஸ் பண்ணி இந்த வரிசையில பாருங்க.

சென்டர் போல்ட் தலை ஆக்சில் மேடையில இருக்கிற குழிக்குள்ள உட்கார்ந்திருக்கா? ஆப்பு இருக்கிற வண்டியில இதுதான் அடிக்கடி நடக்கிறது. தலை ஆப்போட துளையைத் தாண்டிக் குழிக்குள்ள இறங்கணும். புது போல்டோட தலை உயரம் குறைவா இருந்தா ஆப்போடயே நின்னுடும். அப்புறம் ஆக்சிலைப் பிடிச்சிருக்கிறது யூ போல்டோட இறுக்கம் மட்டும்தான், பிரேக் போட்டா வழுக்கிடும். பாதுகாப்புக்கும் இது ஆபத்து, லோடு ஏத்தாதீங்க.

தலை சரியா இருந்தா, சென்டர் போல்டிலிருந்து பட்டையோட ரெண்டு கண் (முனை வளையம்) வரைக்கும் அளங்க. முன்பாதியும் பின்பாதியும் நீளம் வேறயா இருக்கிற செட்ல ஒரு பக்கத்தை மட்டும் திருப்பிப் போட்டா ஆக்சில் இடம் மாறும்.

ஆறுசக்கரம்:
தலைதான். வலப்பக்கம் போட்டது உயரம் குறைந்த தலை. ஆப்பைத் தாண்டவே இல்லை. மேடைக் குழியின் விளிம்பில் சுரண்டல் தெரிகிறது. இடப்பக்கம் ஆழமாக இறங்கியிருக்கிறது. பழைய போல்டின் தலை அளவிலேயே வாங்கிவிட்டேன். மாட்டும்போது வேறு என்ன கவனிக்க வேண்டும்?

நூல்பிடி:
ஆப்பின் தடித்த முனை இரண்டு பக்கமும் ஒரே திசையில் இருக்க வேண்டும். பட்டை ஆக்சிலுக்கு மேலே உட்காரும் வண்டியில் தடித்த முனை பின்னால் இருந்தால் கேஸ்டர் கூடும், முன்னால் இருந்தால் குறையும். ஒரு பக்கம் மாறினால் வண்டி இழுக்கும், வளைவு முடிந்து வீல் தானாகத் திரும்பி வராது. ஒருமுறை இறுக்கிய யூ போல்டைத் திரும்பப் போடாதீர்கள், மரை நீண்டிருக்கும். நான்கு நட்டையும் குறுக்கும் மறுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, வண்டியின் எடை பட்டையில் இறங்கிய பிறகு மேனுவல் சொல்லும் டார்க்குக்கு முடியுங்கள்.

அடுத்தது டோ-இன், அதாவது முன் சக்கரங்கள் முன்பக்கம் சற்று உள்நோக்கி நிற்கும் அளவு. டை ராடு எண்ட் மாற்றியதால் அது கட்டாயம் மாறியிருக்கும். டிராக் லிங்கைத் தொடுவதற்கு முன்பே டோவை முடித்துவிட வேண்டும். டை ராடைத் திருப்பினால் இடது சக்கரம்தான் திரும்பும். ஓடும்போது இரண்டு சக்கரமும் அந்த மாற்றத்தைப் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொள்ள, வீல் மறுபடி சாயும்.

அதன் பிறகு ஓட்டிப் பாருங்கள். நம் சாலை இடப்பக்கம் சரிந்திருக்கும், அதனால் சரிவில்லாத இடமாகப் பார்த்து இரண்டு திசையிலும் ஓட்டுங்கள். மிச்சமாக ஐந்து பத்து டிகிரி கோணல் இருந்தால் அப்போதுதான் டிராக் லிங்க். லிங்கின் நீளத்தை மாற்றும் ஸ்லீவின் (திருகு குழாய்) ஒரு முனை வலமரை, மறுமுனை இடமரை, இரண்டும் 1.5 மி.மீ. மரை என்றால் ஒரு சுற்றுக்கு நீளம் 3 மி.மீ. மாறும். மேலே சொன்ன அளவுகளில் அது வீலில் 17 டிகிரி. ஆகவே ஐந்து டிகிரிக்கு மூன்றில் ஒரு பங்கு சுற்றும், பத்து டிகிரிக்கு அரைச் சுற்றுக்குச் சற்று மேலும் போதுமானதாக இருக்கும். நீட்டினால் எந்தப் பக்கம் வரும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். கால் சுற்று திருப்பி ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

கிளாம்ப் இறுக்குமுன் இரண்டு முனையிலும் மரை ஸ்லீவின் பிளவைத் தாண்டி உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். பந்து மூட்டு இரண்டும் ஒரே நிலையில் நிற்க வேண்டும், ஒன்று முறுக்கி நின்றால் திருப்பும்போது முட்டும். கழற்றிய காசில் நட்டில் (தலையில் வெட்டுகள் உள்ள நட்டு) ஸ்பிலிட் பின் துளை சேரவில்லையென்றால் இன்னும் இறுக்கித்தான் சேர்க்க வேண்டும், தளர்த்திச் சேர்க்கக் கூடாது.

பட்டைக்காரன்:
ஒண்ணு விட்டுப்போச்சு. இஞ்சினை ஓட விட்டு ரெண்டு கோடிக்கும் திருப்பிப் பாருங்க. பாக்ஸ் உள்ளே முட்டுறதுக்கு முன்னாடி ஆக்சில்ல இருக்கிற ஸ்டாப் போல்ட் தொடணும். டயர் பட்டையிலயோ லிங்க்லயோ உரசக் கூடாது. கோடியில அஞ்சு செகண்டுக்கு மேல பிடிக்காதீங்க, பம்ப் சூடாகிடும். புதுப் பட்டை முதல் சில லோடுல கொஞ்சம் இறங்கும். அப்ப லிங்கோட சாய்வு மாறி வீலும் ஒரு மயிரிழை நகரும். அதனால கடைசி அட்ஜஸ்ட்மென்ட்டை 500 கி.மீ. ஓட்டின பிறகு, யூ போல்ட் டார்க் மறுபடி பார்க்கிற அன்னைக்கே வச்சுக்கோங்க.