மறுமடல்: செராஸ் மதினி வீட்டுச் சமையலறை – உடைக்கும் முன் எழுதுங்கள்

அன்புள்ள மதினிக்கும் மற்ற உறவுகளுக்கும் வணக்கம்.

மதினி, உங்கள் மடலை இரண்டு முறை படித்தேன். சமையலறையைப் புதுப்பித்து ஆறே மாதத்தில் டைல்ஸ் தூக்கிக்கொண்டு நிற்பது, வேலை செய்த ஆள் போனை எடுக்காதது, "நம்ம பக்கத்து ஆள்தானே" என்று எதுவும் எழுதி வாங்காமல் விட்டது எல்லாமே பட்டர்வொர்த்தில் எங்களுக்கும் நடந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நாங்கள் பின்கட்டை நீட்டினோம். பேசிய தொகை 38,000 வெள்ளி (ரிங்கிட்). முதல் பெருமழையிலேயே புதுத் தளமும் பழைய சுவரும் சேரும் இடத்தில் ஒழுக ஆரம்பித்தது. தரை வாட்டம் வடிகால் பக்கம் போகாமல் அடுப்படிப் பக்கம் இருந்தது. ஒரு பெரியவர் சொல்லித்தந்தபடி 20 காசு நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டினேன். அடியில் சிமெண்ட் பிடித்திருந்தால் சத்தம் கெட்டியாக வரும். பிடிக்காத இடம் காலிப் பானை மாதிரி ஒலிக்கும். 62 டைல்ஸில் 17 காலிப் பானை. அவற்றில் சாக்பீஸால் வட்டம் போட்டுப் படம் எடுத்து வைத்தேன். பிறகு என்னைக் காப்பாற்றியவை அந்தப் படங்கள்தான்.

எழுத்தில் ஒப்பந்தம் இல்லையே என்று மனம் உடைய வேண்டாம். வாட்ஸ்அப்பில் பேசியது, கொட்டேஷன் தாள், வங்கியில் பணம் அனுப்பிய பதிவு எல்லாமே சான்றுதான். மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் (நுகர்வோர்) பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டுக்காகச் செய்து தரும் வேலையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்து தர வேண்டும். இதை யாரும் தனியாகக் கேட்டு எழுதி வாங்கத் தேவையில்லை.

ஆனால் ஒன்று. குறையைச் சரிசெய்ய முதலில் வேலை செய்தவருக்கே வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அவர் மறுத்தாலோ, நியாயமான அவகாசத்துக்குள் செய்யாவிட்டாலோ, வேறு ஆளை வைத்துச் செய்துவிட்டு அந்தச் செலவை அவரிடமே கேட்கலாம். கோபத்தில் எல்லாவற்றையும் உடைத்துப்போட்டால் எது அவர் வேலை என்று காட்ட நம் கையில் ஒன்றும் இருக்காது. அதனால் என்னென்ன குறை, எந்த இடத்தில், எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று மலாய் மொழியில் ஒரு பக்கம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். நான் 14 நாள் கொடுத்தேன். பதிலே வரவில்லை.

அப்புறம் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போனேன். மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா என்பார்கள். 50,000 வெள்ளி வரை கேட்கலாம், கட்டணம் 5 வெள்ளி. பிரச்சினை எழுந்து 3 ஆண்டுக்குள் மனு போட்டாக வேண்டும். இரு தரப்புக்கும் வழக்கறிஞர் கிடையாது, நாமே பேச வேண்டும். எனக்குக் கை நடுங்கியது உண்மைதான். ஆனால் மன்றத் தலைவர் பொறுமையாகப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். 11,000 கேட்டேன், 8,600 கிடைத்தது. மீதிக்கு என்னிடம் ரசீது இல்லை. தீர்ப்பு வந்து 14 நாளில் பணம் தராவிட்டால் அது குற்றம். அபராதமும் சிறையும் வரை போகலாம். என் ஆள் பன்னிரண்டாவது நாள் கட்டிவிட்டார்.

தொகை 50,000க்கு மேல் போனால் மேஜிஸ்திரேட் நீதிமன்றம், அது 1,00,000 வரை. அங்கே போவதென்றால் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுவது நல்லது. குறிப்பாகத் தம்பிமார்களுக்கு: வீடு கட்டி விற்கும் மேம்பாட்டாளரிடம் வாங்கிய புது வீட்டில் குறை என்றால் இந்த மன்றம் இல்லை. அதற்கு வீடு வாங்குவோருக்கான நடுவர் மன்றம் தனியாக இருக்கிறது. சாவி வாங்கியதிலிருந்து 24 மாதம் வரை குறைகளை மேம்பாட்டாளரே சரிசெய்து தர வேண்டும்.

ஊர்ப்பக்கத்து ஆளை மன்றத்துக்கு இழுப்பதா என்று மாமா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். எனக்கும் அந்தச் சங்கடம் இருந்தது. ஆனால் நீங்கள் இருபது வருடம் ஷிப்ட் வேலை பார்த்துச் சேர்த்த பணம் அது. கொடுத்த காசுக்கு வேலை கேட்பது பகை ஆகாது, மதினி.

என் ஆளுக்கு நான் அனுப்பிய கடிதத்தின் நகலை இன்று இரவு உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன். சனிக்கிழமை கோலாலம்பூர் வருகிறேன், வீட்டுக்கு வந்து சேர்ந்தே தட்டிப் பார்த்துப் படம் எடுப்போம். அதுவரை ஒரு டைல்ஸைக்கூட யாரையும் பெயர்க்க விடாதீர்கள்.

அன்புடன்,
பட்டர்வொர்த் கொழுந்தன்